பையில் பணம் ஒரு பரிசோதனைக்குத்தான்: கணையத்துக்கு முதலில் எது?

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் ஆகிறது. கல்லாவுக்கு எதிரே நின்று மக்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி வயிற்றைப் பற்றியவைதான். பெரும்பாலும் யோசிக்காமலே பதில் வந்துவிடும். போன சித்திரையில் ஒரு கேள்விக்கு வரவில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கையில் டாக்டர் எழுதிய சீட்டு. அதில் மூன்று வரிகள்: மலத்தில் எலாஸ்டேஸ் பரிசோதனை, வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன், கணைய நொதி காப்ஸ்யூல். "மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் பணம் இல்லை அண்ணா. எதை முதலில் செய்தால் மற்ற இரண்டும் வீணாகாது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எந்தப் பரிசோதனை உயர்ந்தது என்று அவர் கேட்கவில்லை, எந்த வரிசை என்று கேட்டார்.

அவருடைய கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். வயது 52. எட்டு மாதத்தில் 68 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு இறங்கியிருந்தார். மூன்று வருடமாகச் சர்க்கரை. அதற்கு முன்பு கடும் வயிற்றுவலியோடு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இருபது வருடக் குடியை ஒரு வருடத்துக்கு முன் விட்டுவிட்டார், பீடியை இன்னும் விடவில்லை. சாப்பாடு நன்றாகவே இறங்குகிறது, உடம்பில்தான் ஒட்டவில்லை. மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு போகிறது. இரண்டு வாளி ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போவதில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் இரண்டு வாளி என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் அந்த அம்மா கவனித்திருக்கிறார்.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு மாதத்தில் அவருக்கு ஐந்து பாட்டில் ஜீரண சிரப் விற்றவன் நான். கடைகளில் வரிசையாக நிற்கும் அந்த சிரப்புகளின் லேபிளைப் படித்துப் பாருங்கள்: பூஞ்சையிலிருந்து எடுத்த டயாஸ்டேஸ், கூடவே பெப்சின். ஒன்று மாவுச்சத்தை உடைப்பது, மற்றது புரதத்தை உடைப்பது. கொழுப்பை உடைக்கும் லைபேஸ் பெரும்பாலான பாட்டில்களில் கிடையாது. அவருக்குக் குறைந்திருந்ததோ அதுதான்.

கணையம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சாறு சுரக்கிறது. அதில் மாவுக்கு அமிலேஸ், புரதத்துக்கு டிரிப்சின் முதலியவை, கொழுப்புக்கு லைபேஸ். இந்தச் சுரப்பு போதாமல் போவதைத்தான் கணைய நொதிக் குறைபாடு என்கிறார்கள். மாவுக்கு எச்சில் ஓரளவு கைகொடுக்கும், புரதத்துக்கு இரைப்பையும் சிறுகுடலும் கைகொடுக்கும். கொழுப்புக்கு அப்படி நம்பத் தகுந்த மாற்று ஆள் இல்லை. போதாக்குறைக்கு லைபேஸ் மென்மையான நொதி, அமிலம் பட்டால் எளிதில் செயலிழந்துவிடும். ஆனாலும் கணையத்தின் கையிருப்பு பெரியது. லைபேஸ் சுரப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே போன பிறகுதான் கொழுப்பு மலம் வெளிப்படையாகத் தெரியும் என்பது 1970களிலிருந்தே அறிந்த விஷயம். அதாவது, கண்ணுக்குத் தெரியும்போது சரக்கு அநேகமாகத் தீர்ந்திருக்கும்.

ஒரு கிளைக்கதை. மலம் மிதந்தாலே கணையக் கோளாறு என்று பேட்டை முழுவதும் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. பெரும்பாலும் மிதக்க வைப்பது மலத்தில் சிக்கிய வாயு, கொழுப்பு இல்லை. மொச்சைக் கொட்டைக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் யாருக்கும் மிதக்கலாம். எண்ணெய்ப் படலம், வெளிறிய நிறம், எடை இழப்பு எல்லாம் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம்.

சீட்டில் இருந்த மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்ததுதான் அன்று நான் திணறியதற்குக் காரணம். எனக்குப் பழக்கமான ஓர் இளம் குடல் மருத்துவரைப் போனில் பிடித்தேன். "எலாஸ்டேஸ் சொல்வது கணையம் வேலை செய்கிறதா என்று. ஸ்கேன் சொல்வது ஏன் செய்யவில்லை என்று. காப்ஸ்யூல் இரண்டையும் சொல்லாது" என்றார். அன்றிலிருந்து சீட்டைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது.

எலாஸ்டேஸ்

இது கணையம் சுரக்கும் ஒரு நொதி, குடலில் உடையாமல் மலம் வரை வந்து சேரும். அதன் அளவைப் பார்ப்பதுதான் பரிசோதனை. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் இயல்பு. 100க்குக் கீழே, அறிகுறிகளும் பொருந்தினால், குறைபாடு என்று சொல்லலாம். 100க்கும் 200க்கும் இடையே வந்தால் அந்த எண்ணை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2023இல் வெளியிட்ட நிபுணர் குறிப்பும் முதல் பரிசோதனையாக இதைத்தான் சொல்கிறது.

வசதிகள் நிறைய. பத்தியம் வேண்டாம், வெறும் வயிறு வேண்டாம், ஒரே ஒரு மாதிரி போதும். ஏற்கெனவே காப்ஸ்யூல் சாப்பிடுகிறவரும் நிறுத்தாமல் கொடுக்கலாம். மனித எலாஸ்டேஸை மட்டும் பிடிக்கும் முறையில் செய்யும்போது, காப்ஸ்யூலில் உள்ள பன்றி நொதி கணக்கில் சேராது. விலை மட்டும் சாதாரண மலப் பரிசோதனையைப் போலப் பல மடங்கு. தெருவோர லேப்களில் பல மாதிரியை வாங்கித் தங்கள் மையக் கூடத்துக்கு அனுப்பி வைப்பவை, அதனால் முடிவு வரச் சில நாளாகும்.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மலம் தண்ணீராகப் போகும் நாளில் கொடுத்தால் எலாஸ்டேஸ் நீர்த்துப்போய் எண் பொய்யாகக் குறையும். கெட்டியாகவோ அரைக் கெட்டியாகவோ இருக்கும் மலத்தில்தான் செய்ய வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பெரம்பூரில் இருக்கும் என் சித்தப்பாவிடமிருந்து கற்றேன்.

சித்தப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பதினைந்து வருடச் சர்க்கரைக்காரர். கடுமையான வயிற்றுப்போக்கு. ஒரு லேப்பில் டப்பாவைக் கொடுத்தார்கள். தண்ணீராகவே கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 90 என்று வந்தது. வீட்டில் அழுகை. கணையம் போய்விட்டது என்று சித்தி கும்பகோணத்து மாமாவரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஐந்து வாரம் கழித்து, மலம் கெட்டிப்பட்ட பிறகு, வேறொரு லேப்பில் மறுபடி எடுத்தோம். 340. கணையம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு என்ன கோளாறு? மெட்ஃபார்மின். சர்க்கரைக்கு லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடும் அதே மாத்திரை, சிலருக்கு வயிற்றைக் கலக்கும். கூடவே வோக்ளிபோஸ் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை வேறு, அது வாயுவைக் கிளப்பும். மாத்திரைப் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் கணையத்துக்குப் போகக் கூடாது என்பது அன்றைக்கு எனக்கு விழுந்த குட்டு.

சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களில் கணிசமானவர்களுக்கு எலாஸ்டேஸ் எண் சற்றுக் குறைவாகவே வரும், ஆனால் அவர்கள் எல்லோருக்கும் கொழுப்பு செரிக்காமல் போவதில்லை. ஆகவே எடையும் குறையாமல் மலமும் மாறாமல் இருக்கும் ஒருவர், வெறும் வாயுத் தொல்லைக்கு இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டால் பதிலைவிடக் குழப்பம்தான் அதிகம் வரும்.

சி.டி. ஸ்கேன்

ஸ்கேனில் கணையம் சுருங்கியிருப்பது தெரியும், குழாய் வீங்கியிருப்பது தெரியும், சுண்ணாம்புக் கற்கள் தெரியும், கட்டி தெரியும். எவ்வளவு லைபேஸ் சுரக்கிறது என்பது தெரியாது. படத்தில் பாதி கருகிய கணையம் வேலையை ஓட்டிக்கொண்டிருக்கலாம், படத்தில் அழகாக இருப்பது வேலை செய்யாமல் இருக்கலாம். ஆகவே "ஸ்கேன் நார்மல், கணையத்துக்கு ஒன்றுமில்லை" என்று கல்லாவில் வந்து சொல்பவர்களிடம் நான் இப்போது தலையாட்டுவதில்லை.

ஆனால் ஒரு கூட்டத்துக்கு ஸ்கேன்தான் முதலில். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, கூடவே காரணமில்லாமல் எடை குறைந்தால், அல்லது மஞ்சள் காமாலை கண்ணில் தெரிந்தால், அல்லது மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தால், எலாஸ்டேஸ் எண்ணுக்குக் காத்திருந்து நாளைக் கடத்தக் கூடாது. கணையப் புற்றுநோய் குழாயை அடைத்தாலும் நொதி குடலுக்கு வராது. அங்கே நொதிக் குறைபாடு என்பது வாசலில் நிற்கும் ஆள், உள்ளே இருப்பவர் வேறு. நான் சித்தப்பா வீட்டில் ஐந்து வாரம் காத்திருந்தது போல இவர்கள் காத்திருக்க முடியாது.

கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேனுக்கு முன்பு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் பார்ப்பார்கள், சர்க்கரைக்காரர்கள் சிறுநீரக நிலையையும் மெட்ஃபார்மின் சாப்பிடுவதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. முறையிலேயே எடுக்கும் எம்.ஆர்.சி.பி. படம் பித்தக் குழாயையும் கணையக் குழாயையும் இன்னும் துல்லியமாகக் காட்டும். எண்டோஸ்கோப் வழியே செய்யும் அல்ட்ராசவுண்ட் சிறு கட்டிகளையும் ஆரம்பகட்ட அழற்சியையும் பிடிக்கும். இவை இரண்டும் சி.டி. கேள்வியை மிச்சம் வைக்கும்போது டாக்டர் கேட்பவை, நாமாகக் கேட்டு வாங்குபவை அல்ல.

இளவயதினர் என்றால் எல்லாவற்றையும்விட மலிவான ஒரு கருவி இருக்கிறது: வயிற்றுக்குச் சாதாரண எக்ஸ்ரே. குடிப்பழக்கமே இல்லாத, சிறுவயதிலிருந்து அவ்வப்போது வயிற்றுவலி வந்த, இருபது முப்பது வயதிலேயே சர்க்கரை வந்த ஒல்லியான ஆட்கள் நம் பக்கத்தில் உண்டு. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று இதற்குப் பெயர். இந்தோனேசியாவிலிருந்து சூய்டமா என்பவர் 1959இல் எழுதினார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பதிவுசெய்தார். இவர்களின் கணையக் குழாயில் பெரிய பெரிய கற்கள் இருக்கும், எக்ஸ்ரேயிலேயே வெள்ளையாகத் தெரியும். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று நெடுநாள் பழி சுமத்தினார்கள், அது உறுதிப்படவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணு மாற்றத்தோடு தொடர்பு இருப்பது பிறகு தெரிந்தது. கிழங்கு விற்கும் பாட்டிகள் நிம்மதியாக இருக்கலாம்.

காப்ஸ்யூலைப் போட்டுப் பார்ப்பது

எல்லோருக்கும் பிடித்த வழி இது. ஸ்கேன் வேண்டாம், டப்பா வேண்டாம், ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்ப்போம், கேட்டால் கணையம்தான், கேட்காவிட்டால் வேறு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. என் பிழைப்புக்கும் நல்லது. இருந்தாலும் மூன்றிலும் மோசமான நோய்கண்டறியும் வழி இதுதான் என்பது என் கருத்து. மேலே சொன்ன 2023 குறிப்பும் இதை நம்பத்தகாத வழி என்றே சொல்கிறது.

சித்தப்பா கதைக்குத் திரும்புவோம். அந்த 90 வந்த வாரமே அவருக்குக் காப்ஸ்யூல் ஆரம்பித்தார்கள். அதே வாரத்தில் மெட்ஃபார்மினையும் பாதியாகக் குறைத்தார்கள். வயிறு தேறியது. புகழ் முழுவதும் காப்ஸ்யூலுக்குப் போனது. மெட்ஃபார்மினைக் குறைத்தவருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

கேட்காமல் போவதற்கும் நூறு காரணம் உண்டு. சாப்பாட்டை முடித்து அரை மணி கழித்து, பத்தாயிரம் யூனிட் மாத்திரை ஒன்றை மட்டும் விழுங்குகிறவர்கள்தான் அதிகம். பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் குறைந்தது 40,000 யூனிட் லைபேஸ், இடைத்தீனிக்கு அதில் பாதி என்பது தொடக்க அளவு. அதுவும் சாப்பாட்டின் நடுவே, உணவோடு உணவாகப் போக வேண்டும். சாப்பிட்ட பிறகு தனியே போகும் காப்ஸ்யூல், பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு வந்த ஆள் மாதிரி. சிலருக்கு இரைப்பை அமிலம் நொதியைக் கெடுக்கும், அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்க்க வேண்டியிருக்கும். சிறுகுடலில் கிருமிகள் பெருகியிருந்தாலும் பலன் தெரியாது. இதையெல்லாம் சரிபார்க்காமல் "கேட்கவில்லை, எனவே கணையம் இல்லை" என்று சொல்ல முடியாது.

மலிவு என்பதும் கண்கட்டு. 25,000 யூனிட் காப்ஸ்யூலாக வாங்கினால் வேளைக்கு இரண்டு, இரண்டு இடைத்தீனிக்கு ஒவ்வொன்று. நாளைக்கு எட்டு, மாதத்துக்கு 240. என் கடைக் கணக்கில் அந்த ஒரு மாதப் பில், எலாஸ்டேஸ் பரிசோதனைக் கட்டணத்தைத் தாண்டிவிடுகிறது. எல்லாவற்றையும்விட, கட்டி இருப்பவருக்குக் காப்ஸ்யூல் கொஞ்சம் கேட்டுவிட்டால், அவர் ஸ்கேனுக்குப் போகாமலே இருந்துவிடுவார். அது பணத்தால் அளக்க முடியாத நஷ்டம்.

விதிவிலக்கு உண்டு. கணையத்தின் தலைப்பகுதியை அறுவைசிகிச்சையில் எடுத்தவர்கள், பெரும்பகுதி அழுகிப்போன கடும் கணைய அழற்சியிலிருந்து பிழைத்தவர்கள் ஆகியோரிடம், காரணம் ஏற்கெனவே கண்முன் இருக்கிறது. மலமும் எடையும் பொருந்தினால் மருத்துவர் பரிசோதனைக்குக் காத்திருக்காமலே ஆரம்பிப்பார். அது போட்டுப் பார்ப்பது ஆகாது, அது சிகிச்சை.

சீட்டில் இல்லாதவை

ரத்தத்தில் அமிலேஸும் லைபேஸும் பார்த்து "நார்மல்" என்று வந்த தாளோடு பலர் வருகிறார்கள். அவை கணையத்துக்குத் திடீர் அழற்சி வரும்போது ஏறுபவை. நாள்பட்டுக் கருகிய கணையத்தில் அவை சாதாரணமாகவே இருக்கும். அடுப்பு எரிகிறதா என்று பார்க்கத் தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதுகொடுப்பது போன்ற வேலை.

மூன்று நாள் மலத்தில் கொழுப்பை அளப்பது பழைய தங்க அளவுகோல். 1949இல் வான் டி காமர் கொடுத்த முறை. நாளைக்கு 100 கிராம் கொழுப்பு ஐந்து நாள் சாப்பிட்டு, கடைசி மூன்று நாள் மலம் முழுவதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், நாளைக்கு 7 கிராமுக்கு மேல் கொழுப்பு வெளியேறினால் கோளாறு. இதை நம் வீட்டு அடுப்பில் வைத்துப் பாருங்கள். நாலு பேர் குடும்பம் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் வாங்கினால் ஆளுக்கு நாளொன்றுக்கு முப்பது கிராம்தான் வரும். பால், தேங்காய், மீன் எல்லாம் சேர்த்தாலும் நூறைத் தொடச் சவுகார்பேட்டை நெய்ப் பலகாரக் கடையில் குடியிருக்க வேண்டும். அப்புறம் அந்த மூன்று நாள் டப்பாவை எங்கே வைப்பது? பத்துக்குப் பத்து வீட்டில், நாலு குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை இருக்கும் சந்தில்? நடைமுறையில் இப்போது இதை யாரும் எழுதுவதில்லை, நல்லதுதான். சூடான் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் கொழுப்புத் துளிகளைப் பார்ப்பது மலிவு, ஆனால் கொழுப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், கணையத்தால் வந்ததா குடலால் வந்ததா என்று சொல்லாது. குழாயை முன்சிறுகுடல் வரை விட்டுச் சாற்றை உறிஞ்சி அளக்கும் செக்ரெடின் பரிசோதனையும், மூச்சில் கார்பன் பார்க்கும் பரிசோதனையும் புத்தகத்தில் உயர்ந்தவை. தெருவில் கிடைக்காதவற்றைப் பற்றி அதிகம் பேசிப் பயன் இல்லை.

அப்படியானால் வரிசை என்ன?

இது ஆளைப் பொறுத்தது. முதலில் செலவில்லாத வேலை: மாத்திரைப் பெட்டியைக் காட்டுங்கள். மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மட்டுமில்லை, எடை குறைக்கச் சாப்பிடும் ஆர்லிஸ்டாட்டும் மலத்தில் எண்ணெய் வடிய வைக்கும். அது கொழுப்பைச் செரிக்க விடாமல் தடுப்பதற்காகவே செய்த மாத்திரை. பித்தப்பையை எடுத்தவருக்குப் பித்த உப்பால் பேதி வரும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியை ஒரு சாதாரண மலப் பரிசோதனையே பிடிக்கும். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் இதை மறக்கவே கூடாது. கோதுமையால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் சீலியாக் இருப்பவருக்குக் கணையம் நன்றாக இருந்தும் எலாஸ்டேஸ் குறைவாக வரலாம், ஏனென்றால் கெட்டுப்போன குடல் கணையத்துக்குச் சுரக்கச் சொல்லி ஆள் அனுப்புவதில்லை.

இவையெல்லாம் கழிந்த பிறகு, காரணம் உள்ள உடம்பா என்று பாருங்கள். நாள்பட்ட கணைய அழற்சிதான் பெரியவர்களிடம் முதல் காரணம். அதற்கு மது தெரிந்த எதிரி. புகை தனியாகவே அழற்சியை வளர்க்கும், மதுவோடு சேர்ந்தால் வேகம் கூடும். "குடியை விட்டுவிட்டேன், பீடி மட்டும்தான்" என்பவர்களிடம் இதை நான் கல்லாவிலேயே சொல்லிவிடுகிறேன், முகம் சுளித்தாலும். இரைப்பையை வெட்டியவர்கள், கடும் கணைய அழற்சியிலிருந்து மீண்டவர்கள், சுரப்புகள் கெட்டிப்பட்டுக் குழாய்களை அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் உள்ளவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் உண்டு. இப்படி ஒரு காரணமும் எடை இழப்பும் எண்ணெய் மலமும் சேர்ந்தால், கெட்டி மலத்தில் எலாஸ்டேஸ் முதலில். அது குறைந்தால் ஸ்கேன். எச்சரிக்கை அறிகுறி இருந்தால் ஸ்கேன் முதலில், எலாஸ்டேஸ் பின்னால். மேலே சொன்ன விதிவிலக்கு தவிர, காப்ஸ்யூல் எப்போதும் கடைசியில்.

லாரிக்காரருக்கு இரண்டு கணக்கும் பொருந்தின. வயது 52, எடை 14 கிலோ குறைவு. சர்க்கரையோ மூன்று வருடப் பழையது, வலியும் பழையது. அந்த இளம் டாக்டர் போனில் கேட்டுவிட்டு இரண்டுமே தேவைதான், ஆனால் ஸ்கேனை அரசு ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்ளுங்கள், கையில் இருக்கும் பணத்தை எலாஸ்டேஸுக்குக் கொடுங்கள் என்றார். அது எனக்குத் தோன்றாத யோசனை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே நான் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் ஸ்டான்லிக்குப் போனார்கள். பழைய ஜெயில் ரோட்டுக்காரர்களுக்கு அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். சாப்பிட்டும் பட்டினி கிடக்கும் ஒரு மனிதர் அந்த வாசலில் வரிசையில் நின்றதை நினைத்துக்கொண்டேன். நீங்களும் போவதானால் ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை, பழைய சீட்டுகள், முன்பு ஆஸ்பத்திரியில் படுத்த டிஸ்சார்ஜ் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, காலையில் புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் தாள் ஒரு பரிசோதனைக்குச் சமம்.

எலாஸ்டேஸ் டப்பாவை அந்த அம்மாவிடம் கொடுக்கும்போது கெட்டியாகப் போகும் நாளில் எடுக்கச் சொன்னேன். 38 என்று வந்தது. ஸ்கேனில் கணையம் முழுவதும் கற்கள், குழாய் வீங்கியிருந்தது, கட்டி எதுவும் இல்லை. எண்ணும் படமும் ஒரே கதையைச் சொன்னதால் காப்ஸ்யூலை டாக்டர் தயங்காமல் ஆரம்பித்தார். வைட்டமின் ஏ, டி, ஈ, கே குறைந்திருக்கும் என்று அவற்றையும் பார்க்கச் சொன்னார், எலும்பின் அடர்த்திக்கும் எழுதிக் கொடுத்தார். கொழுப்பு செரிக்காதபோது கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் கூடவே வெளியேறிவிடும்.

காப்ஸ்யூல் விற்கும்போது ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: இது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. லேபிளில் "பேன்கிரியாட்டின்" என்று மட்டும் இருக்கும், பிராணியின் பெயர் பளிச்சென்று இருக்காது. மண்ணடியிலிருந்து வரும் பாய்மார்களுக்கும், சவுகார்பேட்டை ஜைனக் குடும்பங்களுக்கும், எங்கள் தெரு சைவக்காரர்களுக்கும் இது தெரிய வேண்டும். வேறு வழியில்லாத நோயில் அனுமதி உண்டு என்று சொல்லும் மார்க்க அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவை அவர்கள்தான் எடுக்க வேண்டும், பில் போட்ட பிறகு நான் எடுக்கக் கூடாது.

இன்னொரு தவறான அறிவுரையும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது: எண்ணெயைச் சுத்தமாக நிறுத்து. அந்த அம்மாவும் எட்டு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் சமைத்திருந்தார். பாவம், காசிமேட்டுச் சங்கராவைக்கூட அவித்துத்தான் போட்டிருக்கிறார். எடை இன்னும் வேகமாக இறங்கியதுதான் மிச்சம். நொதி சரியான அளவில் போனால் இயல்பான உணவையே சாப்பிடச் சொல்கிறார்கள் இப்போது.

நாலு மாதத்தில் 58 கிலோ ஆகியிருக்கிறார். ஒரு கவலை மட்டும் மிச்சமிருந்தது. காப்ஸ்யூலை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அட்டையில் போட்டிருக்கிறது, லாரி கேபினோ வைகாசியில் அடுப்பு. மொத்த அட்டையையும் வீட்டில் குளிர்ச்சியான அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, அன்றைய எட்டை மட்டும் கொடுத்தனுப்பச் சொன்னேன். மாத்திரைப் பெட்டியில் போட்டால் மறந்துவிடுகிறார் என்று அந்த அம்மா வேறு வழி செய்திருக்கிறார்: சாப்பாட்டுத் தூக்கின் மேல் தட்டில், அப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா. சோற்றைத் தொட வேண்டுமானால் முதலில் அதைத் திறந்தாக வேண்டும்.